சாக்குருவிக்கு மொய்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் எங்கள் ஊர். இங்கே எந்த வசூல் நடந்தாலும் ரசீதுப் புத்தகம் சுற்றிச் சுற்றி என் கைக்கே வந்துவிடும். லோரிப் பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். காசு விஷயத்தில் கை சுத்தம் என்று ஒரு பெயர். தமிழ்ப்பள்ளிக் கூரைக்கு எழுதியிருக்கிறேன். கும்பாபிஷேகத்துக்கு எழுதியிருக்கிறேன். சிறுநீரகம் கெட்டுப்போன ஒரு பையனுக்காக மூன்று புத்தகம் தீர எழுதியிருக்கிறேன். போன வருடம் ஆந்தைக்கு எழுதினேன்.

ஆந்தை என்று இங்கே நாகரிகமாகச் சொல்கிறேன். புத்தகங்களில் அது கூகை. எங்கள் ஊர் வாயில் சாக்குருவி. குறுக்கே அரிந்த ஆப்பிள் மாதிரி வெள்ளை முகம், இருட்டில் துணியைக் கிழிப்பது போல ஓர் அலறல். தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த காலத்தில் அந்தச் சத்தம் கேட்டால் பாட்டி எழுந்து உட்கார்ந்து, யார் வீட்டுக் கூரைமேல் என்று காது கொடுப்பாள். நம் வீட்டுக் கூரை இல்லை என்று உறுதியானால்தான் மறுபடி படுப்பாள்.

எல்லாம் என் தம்பி மகனால் வந்தது. படிவம் நான்கில் படிக்கிறான். ஒரு சனிக்கிழமை காலை எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்குப் பின்னால், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்து ஓரக் கால்வாயில் அது கிடந்திருக்கிறது. பறக்கவும் இல்லை, கொத்தவும் இல்லை. சட்டையைக் கழற்றிச் சுற்றி எடுத்து வந்துவிட்டான். வாசலில் என் அம்மா.

“அத வீட்டுக்குள்ள கொண்டாந்தே, நான் வெளிய போயிருவேன்.”

“பாவம் பாட்டி, சாகப்போவுது.”

“அது சாகறதப் பத்தி யாருடா கவலப்பட்டா? அது வந்தா மத்தவங்கல்ல சாவாங்க.”

கார் நிறுத்தும் கொட்டகைவரைக்கும் அனுமதி கிடைத்தது. நான் பெரிய மனுஷியாக உள்ளே போய், கெட்டிப்பாலைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு வந்தேன். அது தொடவில்லை. பஞ்சில் தண்ணீர் நனைத்து அலகில் பிழிந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மைலோ பெட்டியின் மூடியைத் திறந்து படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். செய்யக்கூடாத மூன்றையும் வரிசை தவறாமல் செய்தேன் என்று மத்தியானம்தான் தெரிந்தது. அடிபட்ட காட்டுயிருக்கு வேண்டியது காற்றுத் துளை போட்ட பெட்டி, பழைய துண்டு, இருட்டு, இதமான சூடு, சத்தமில்லாத ஓர் அறை. அவ்வளவுதான். குளிர்ந்து கிடக்கிற உடம்புக்குத் தீனி செரிக்காது. வாயில் ஊற்றிய தண்ணீர் நேராக மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கூரைக்குள் குட்டி போட்ட மூசாங், அதாவது மரநாய், அந்தக் குட்டிகளுக்கு நம் ஆட்கள் அன்போடு ஊட்டுகிற கெட்டிப்பால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடுகிறது.

வீட்டிலேயே வைத்துத் தேற்றிவிடலாம் என்று பையன் சொன்னான். முடியாது. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டியலில் உள்ள உயிரினத்தை அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டேன் என்பதெல்லாம் அங்கே செல்லாது. வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானுக்குப் போன் போட்டோம். அவர்கள் சொன்ன வழியில், ஈப்போ நகரத்துக்குள் ஒரு கடை வரிசைக்குப் பின்னால், அனுமதி பெற்று நடக்கிற சின்ன மறுவாழ்வு நிலையம் ஒன்றுக்கு மைலோ பெட்டியோடு போய்ச் சேர்ந்தோம். அரை மணி நேரப் பயணம். பையன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ரேடியோவைப் போட விடவில்லை.

டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. வாயைத் திறந்து பார்த்தார், இறக்கையை விரித்துப் பார்த்தார். எங்கும் காயமில்லை, ஆனால் அலகின் ஓரத்திலும் எச்சத்திலும் இரத்தம். எலி மருந்து என்றார். இந்த மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. இரத்தம் உறையும் சக்தியை மெல்ல மெல்ல இழந்து, சில நாள் தள்ளாடித் திரிகிறது. தள்ளாடும் எலியைத்தான் கூகை முதலில் பிடிக்கும். அந்தக் காலத்து வார்ஃபரின் கொஞ்ச நாளில் உடம்பைவிட்டு இறங்கிவிடுமாம். பின்னால் வந்த புரோடிஃபகோம் மாதிரியானவை ஈரலில் மாதக்கணக்கில் தங்கும். ஓர் எலியில் கொஞ்சம், அடுத்த எலியில் கொஞ்சம் என்று கூகைக்குள் சேர்ந்துகொண்டே போகும். விஷமுறிவு வைட்டமின் கே1. வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும்.

ஆறாம் நாள் அது செத்துப்போனது. டாக்டர் எனக்குத்தான் போன் செய்தார். பையனிடம் சொல்ல எனக்கு ஒரு முழு இரவு ஆனது.

அதற்கு முன்பே நான் இரண்டு முறை போய் வந்திருந்தேன். கணக்குக்காரியின் கண் எங்கே போகும்? மூன்று அறை, பின்னால் பறக்கப் பழக்கும் ஒரு நீளக் கூண்டு. எலிக்குப் போட்ட பசை அட்டையில் ஒட்டிக்கொண்ட மைனா ஒன்றை, சமையல் எண்ணெய் தடவி இறகு இறகாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பூனை கடித்த புறா. வெளியே சின்னத் துளைதான், உள்ளே சீழ் பிடிக்கும் என்பதால் நேரத்தோடு மருந்து போக வேண்டும். கூரை மாற்றும்போது விழுந்த மரநாய்க் குட்டிகள் மூன்று. கார் அடித்த உடும்பு. மூலையில் ஒரு பழைய வீட்டுக் குளிர்பெட்டி, கதவு சரியாக மூடாமல் நாடா ஒட்டியிருந்தது. அதற்குள்தான் எல்லாருக்கும் தீனி.

கூகைக்குக் கறித்துண்டு போட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வெறும் கறியில் சுண்ணாம்புச் சத்து இல்லை, எலும்பு வளைந்துவிடும். அதற்கு எலியோ கோழிக்குஞ்சோ முழுசாக வேண்டும். எலும்பும் ரோமமும் உருண்டையாகத் திரண்டு வாய்வழியே வெளியே வர வேண்டும். பொரிப்பகங்களில் சேவல் என்று பிரித்துத் தள்ளப்படும் ஒருநாள் குஞ்சுகளை உறையவைத்து விற்கிறார்கள். மொத்தமாக வாங்கினால் மலிவு. மொத்தமாக வாங்கினால் வைக்க இடம் வேண்டும். நாடா ஒட்டிய குளிர்பெட்டியைப் பார்த்தபடியே மனசுக்குள் ஒரு தொகை எழுதிக்கொண்டேன்.

டாக்டர் ஒரு காசு கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் ஊர்வழக்கப்படி இரக்கத்தைத்தான் விற்றோம். பையன் மரநாய்க் குட்டியின் படத்தைப் பெரிதாக அச்சடித்தான். செவ்வாய்க்கிழமை இரவுச் சந்தையில், ஆப்பம் பாலிக் விற்கும் அண்ணன் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு தகர உண்டியல். மூன்று மணி நேரத்தில் 83 வெள்ளி (ரிங்கிட்) 40 காசு. படத்தைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்றவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு மாமா நின்று, “மூசாங்குக்கு மருந்தாம்மா? மிளகு தூக்கலாப் போட்டா நல்லா இருக்கும்” என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. என் அப்பாவும் கண்ணி வைத்தவர்தான். பால்வெட்டுக் கூலியில் இறைச்சிக்கு மிச்சம் இல்லாத வாரங்களில் உடும்பும் மரநாயும் முள்ளம்பன்றியும் எங்கள் சட்டியில் வெந்திருக்கின்றன. தோட்டத்தில் வளர்ந்த யாரும் இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அப்படி வளர்ந்த ஊரிடம் போய் ‘குட்டி அழகாக இருக்கிறது, காசு போடு’ என்றால் எப்படிப் போடும்?

“அரசாங்கம் பாக்காதா?” என்றும் நிறையப் பேர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இதே பேராக்கில் சுங்காயில் பெர்ஹிலித்தானின் தேசிய வனவிலங்கு மீட்பு மையம் இருக்கிறது. புலிக்கும் கரடிக்கும் இடம் பார்க்கிற இடம் அது. பசை அட்டையில் ஒட்டிய மைனாவுக்கு யார் லோரி அனுப்புவார்கள்?

சந்தையில் காய் வாங்க வந்த, எங்கள் தெருவிலேயே இருக்கும் போலீஸ்கார அண்ணன் உண்டியலைப் பார்த்துக் குனிந்து காதோடு சொன்னார்: “தங்கச்சி, லைசென்ஸ் இருக்கா?” தெருவிலும் வீடு வீடாகவும் வசூலிக்க 1947-ஆம் ஆண்டிலிருந்தே இங்கே ஒரு சட்டம் இருக்கிறது; போலீஸ் அனுமதி வேண்டும். இத்தனை வருடம் கோயில் ரசீதைத் தூக்கிக்கொண்டு அலைந்தவளுக்கு இது தெரியாது. மேசையை மடித்தோம்.

அப்புறம் கோயில் கூட்டத்தில் பேச்சை எடுத்தேன். கூட்டு, அதாவது சீட்டு, பிடிக்கலாம் என்றார் ஒருவர். மாதம் ஐம்பது வெள்ளி, முதல் கூட்டு ஆந்தைக்கு. அதுவும் ஆகாது. கூட்டு நடத்துவதை 1971-இலேயே தடை செய்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதிய சட்டம்தான், ஆனால் பெயரில் நம் ‘கூட்டு’ அப்படியே இருக்கிறது. மலேசியச் சட்டப் புத்தகத்தில் நமக்குக் கிடைத்த ஒரு சொல், அதுவும் தடைக்காக.

வழி சொன்னவர் பின்வரிசையில் தூங்குவது போல உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா. தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்தவர். பூர்வீகம் பேராவூரணிப் பக்கம். “மொய் விருந்து வைங்க” என்றார். தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்தில் இன்றும் ஆடியில் நடக்கிற வழக்கம். கல்யாணமோ காதுகுத்தோ வேண்டாம். காசு தேவைப்படுகிறவர் இலை போட்டுக் கூப்பிடுவார், வந்தவர்கள் சாப்பிட்டு மொய் எழுதுவார்கள். அதைத் தானம் என்று யாரும் சொல்வதில்லை. எழுதியவர் வீட்டு விருந்து வரும்போது, வாங்கியதற்கு மேல் கொஞ்சம் வைத்துத் திருப்ப வேண்டும். திருப்பாதவன் ஊரில் தலைகாட்ட முடியாது.

தலைவர் சிரித்துவிட்டார். “தாத்தா, சாக்குருவி எப்ப மொய் திருப்பும்?”

“அது எங்கய்யா திருப்பணும்? அது முன்னாடியே எழுதிருச்சு. நாமதான் பாக்கி.”

கூட்டம் சிரித்தது. ஆனால் தாத்தா விடவில்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்ட காலத்தில் எலி எப்படிப் பெருகியது என்று சொல்ல ஆரம்பித்தார். பழுத்த குலையைக் கொறிக்கும். மட்டைக் குவியலுக்குள் குடும்பம் நடத்தும். எலிக்காய்ச்சலில் பழம் வெட்டும் ஒரு கூலியாள் போன கதை. அப்புறம் துரைமார் மரப்பெட்டி அடித்துக் கம்பத்தில் ஏற்றினார்கள். கூகை வந்து குடியேறியது. ஒரு ஜோடியும் குஞ்சுகளும் வருடத்துக்கு ஆயிரம் எலிக்கு மேல் தின்னும் என்பது தோட்டக்காரர்கள் சொல்லும் கணக்கு. நான் எண்ணிப் பார்த்ததில்லை. தாத்தாவும் எண்ணியிருக்க மாட்டார். ஆனால் செம்பனைக்கு முன்னால் இந்தப் பறவை தீபகற்பத்தில் அரிது என்பது உண்மை. 1917-இல் கோலசிலாங்கூர் பக்கம் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார்கள். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். நாம் பெயர் வைத்த தோட்டத்தில் மரம் வந்தது, மரத்தோடு எலி வந்தது, எலியின் பின்னால் சாக்குருவி வந்தது. அபசகுனம் என்று நாம் விரட்டியது நமக்கு அப்புறம் குடிவந்த ஆளைத்தான்.

“பத்துப் பத்து வெள்ளியாப் போட்டுத் தோட்டத்தையே வாங்கின ஆளுங்கடா நாம” என்று முடித்தார் தாத்தா. எங்கள் ஊரில் இதற்கு மேல் ஒரு வாதம் கிடையாது. வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று, ஜனங்கள் லயத்தைவிட்டு வெளியே நின்ற நேரத்தில், இதே ஊர்க்காரரான, அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி கேட்டார். என் தாத்தாவும் போட்டார். அந்தப் பங்குப் பத்திரம் இன்னும் அம்மாவின் இரும்புப் பெட்டியில் கல்யாணச் சேலைக்கு அடியில் இருக்கிறது. சங்கம் பண்ணியதில் எல்லாம் எனக்கு உடன்பாடு என்று இல்லை. ஆனால் பத்து வெள்ளி என்றதும் எங்கள் ஆட்களின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. பரம்பரைப் பழக்கம்.

எனக்குள் ஒரு நெருடல் அப்போதே இருந்தது, இப்போதும் இருக்கிறது. எலி தின்பதால் கூகைக்குக் கடன்பட்டோம், சரி. கோழிக் கூண்டை உடைக்கிற மரநாய் எனக்கு என்ன எழுதியது? குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கிற குரங்கு? அந்த மூன்று அறையில் யார் வந்து படுத்தாலும் டாக்டர் லாபநஷ்டம் கேட்பதில்லை. நான் மட்டும் கேட்டுக் கேட்டுத்தான் காசு வாங்கினேன். பினாங்கில் தெலுக் பகாங் சாலையைக் கடக்கும் லோத்தோங் குரங்குகளுக்காக 2019-இல் பழைய தீயணைப்புக் குழாய்களை முடைந்து மரத்துக்கு மரம் பாலம் கட்டினார்கள். பையன் அதன் வீடியோவைக் கூட்டத்தில் காட்டினான். பார்த்தார்கள், ரசித்தார்கள், “அது பினாங்கு” என்றார்கள். பாக்கி என்ற சொல்தான் இங்கே செல்லுபடியானது. செல்லுகிற நோட்டை நீட்டினேன்.

மண்டபம் மலிவாகக் கிடைத்தது புரட்டாசியில். கல்யாணம் இல்லாத மாதம். அங்கேதான் சிக்கல் முளைத்தது. இலையில் சைவம்தான், அதில் பேச்சில்லை. ஆனால் தலைவர் இரண்டு நாள் கழித்துப் பட்டறைக்கே வந்தார். புரட்டாசியில், கோயில் மண்டபத்தில் சேர்ந்த காசில் கோழிக்குஞ்சு வாங்கலாமா? கேலியாகக் கேட்கவில்லை, மனுஷன் தூங்காமல் வந்திருந்தார்.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டும் இல்லை. பழைய டில்லியில் செங்கோட்டைக்கு எதிரே சமணர் கோயிலில் ஒரு பறவை மருத்துவமனை இருக்கிறது. அங்கே புறாவும் கிளியும் படுக்கையில் இருக்கும். கறி தின்னும் பறவைகளை உள்ளே தங்கவைப்பதில்லை. காற்றாடி மாஞ்சாவில் இறக்கை அறுந்த பருந்து ஒன்றை அங்கே சேர்க்க முடியாமல்தான், அந்த நகரத்தில் இரண்டு சகோதரர்கள் வீட்டின் அடித்தளத்திலேயே பருந்து வைத்தியம் ஆரம்பித்தார்கள். இதைத் தலைவரிடம் சொன்னேன். “டில்லிக்காரன் ரெண்டு பக்கமும் சரியாத்தான் செஞ்சிருக்கான்” என்றார். அவருக்கு அது தீர்வாகத் தெரிந்தது, எனக்கு அது பிரச்சினையாகத் தெரிந்தது.

கடைசியில் கணக்கு நோட்டு காப்பாற்றியது. பக்கத்தை நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் சைவக் கணக்கு: உறைபெட்டி, மருந்து, கரண்டுக் கட்டணம், கூண்டு வலை. வலது பக்கம் அசைவக் கணக்கு: தீனி. மொய் எழுத வருகிறவரே எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருட அனுபவத்தில் இப்படி ஒரு ஏடு நான் திறந்ததில்லை.

விருந்தன்று மழை. பந்தி நாலு முறை போட்டோம். சாம்பார், வாழைக்காய், அப்பளம், சேமியாப் பாயசம். பிள்ளைகள் கியூஆர் அட்டையை ஏந்தி நிற்க, பெரியவர்கள் அதைத் தாண்டி வந்து என் மேசையில் நோட்டை வைத்து, “பேரு போட்டு எழுதும்மா” என்றார்கள். மொய் என்றால் பெயர் சத்தமாக வாசிக்கப்பட வேண்டும். பையன் மைக்கில் வாசித்தான். ஒருவர் பத்து என்றால் பின்னால் நிற்கும் சம்பந்தி இருபது என்றார். இரவுச் சந்தை உண்டியலில் இருக்காத சூடு இந்த மைக்கில் இருந்தது. வலது பக்கம் எழுதியவர்களில் பாதிப் பேர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள், சாராயக் கடையில் கடன் சொல்கிற மாதிரி. மிளகு மாமாவும் வந்தார். வலது பக்கம் முப்பது.

வரிசை ஓய்ந்த பிறகு, என் அம்மா வயதில் ஒரு பாட்டி. சுருட்டிய பத்து வெள்ளி. யார் பெயரில் என்றேன். செத்துப்போன புருஷன் பெயரைச் சொன்னார். தோட்டத்தில் என்ன வேலை பார்த்தார் என்று பேச்சுக்குக் கேட்டேன்.

“எலி மருந்து வெக்கிற வேல. வாளியத் தூக்கிட்டு மரத்துக்கு ஒண்ணா எறிஞ்சுட்டுப் போவாரு. காலைல பாதையில அந்தக் குருவி கெடந்தா, மண்டோருக்குத் தெரியாமப் பொதச்சிருவாராம்.”

எந்தப் பக்கம் எழுத என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இடது பக்கம் மருந்து என்று இருந்த வரிக்கு நேரே எழுதினேன்.

மொத்தம் 7,316 வெள்ளி. சைவம் 5,940, அசைவம் 1,376. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உறைபெட்டி விலை பார்க்கப் போன கடையின் தவுக்கே, அதாவது முதலாளி, வரிவிலக்கு ரசீது தருவாயா என்றார். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் வாங்கிய அமைப்புக்குத்தான் அது முடியும். எங்களிடம் இருந்தது கோடு போட்ட நோட்டு. காட்டினேன். நடுக்கோட்டின் கதையைக் கேட்டு, கடையில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டிச் சிரித்தார். பெட்டியை அடக்க விலைக்கே கொடுத்தார். கூலியும் வாங்கவில்லை.

பெட்டி கிளம்புகிற அன்று தலைவர் ஒரு ஸ்டிக்கரோடு வந்தார். மஞ்சளில் சிவப்பு எழுத்து. கோயில் மின்விசிறி, குழல்விளக்கு, செருப்பு வைக்கும் தட்டு எல்லாவற்றிலும் உபயதாரர் பெயர் பார்த்துப் பழகிய ஊர். இதை மட்டும் எப்படி மொட்டையாக அனுப்புவது? ‘உபயம்: சுங்கை சிப்புட் மொய்க்காரர்கள்’ என்று கதவில் அவரே நேர் பார்த்து ஒட்டினார். தள்ளி நின்று பார்த்தார். மறுபடி கிட்டே போய்க் கதவைத் திறந்து, காலியாக இருந்த உள்ளே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். சைவக் கணக்கில் வாங்கிய பெட்டிக்குள் எது போகும் என்பது அப்போதுதான் அவருக்குப் பட்டிருக்க வேண்டும். என்னைப் பார்த்தார். நான் லோரிக்காரரிடம் கயிறு பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் கதவை மூடி, ஸ்டிக்கரின் ஒரு முனை கிளம்பியிருந்ததை நகத்தால் அழுத்திவிட்டு, “சரி, ஏத்துங்க” என்றார்.

ஈப்போவில் பெட்டியை இறக்கி மின்சாரம் கொடுத்து, குளிர் ஏறும்வரை காத்திருந்தோம். அங்கே வேலை செய்யும் மலாய்க்கார அக்கா ஸ்டிக்கரைத் தடவி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வாசித்தேன். உபயம் என்றால்? மலாயில் நன்கொடைக்குச் சொல்லும் ‘டெர்மா’ என்றேன், அது முழுக்கச் சரியில்லை என்று எனக்கே தெரிந்தது. அதற்குள் அவர் பழைய குளிர்பெட்டியின் நாடாவைப் பிரித்து, குஞ்சு மூட்டையைப் புதுப்பெட்டிக்கு மாற்றிவிட்டு, எட்டை மட்டும் வெளியே எடுத்துத் தட்டில் பரப்பினார். நீளக் கூண்டில் புதிதாக வந்த கூகை ஒன்று இருந்தது, கார் மோதியது. அதற்கு ஏழு மணிக்குத் தீனி. பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து இருபது.